மார்க் கிடக்கட்டும், ரிப்போர்ட்டைப் படித்தீர்களா?

வீட்டுக்கடன் கேட்டுப் போன இடத்தில் மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "சார், உங்க பேர்ல ஒரு கிரெடிட் கார்டு ரைட்-ஆஃப் ஆகியிருக்கே, தெரியுமா?"

தெரியாது. அப்படி ஒரு கார்டு இருந்ததே மறந்துபோயிருந்தது. பல வருடங்களுக்கு முன்பு, பழைய ஆபீஸ் வாசலில் ஒரு பையன், "லைஃப் டைம் ஃப்ரீ சார், ஒரு கையெழுத்துதான்" என்று கெஞ்சி வாங்க வைத்த கார்டு அது. வந்த கவரைப் பிரித்ததோடு சரி, அதை வைத்து ஒரு டீ கூடக் குடித்ததில்லை. பிறகு நான் வீடு மாறினேன், போன் நம்பர் மாறியது. 'ஃப்ரீ' என்றவர்கள் இரண்டாம் வருடம் 500 ரூபாய் ஆண்டுக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். அதற்கு வரி, வட்டி, தாமதக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கும் வட்டி. பில் எல்லாம் பழைய வீட்டுக்கே போயிருக்கிறது. கடைசியில் வராக்கடன் என்று எழுதிக் கணக்கை மூடிவிட்டார்கள். மளிகைக் கடையில் கூட பாக்கி வைக்காத நான், கம்ப்யூட்டர் கணக்கில் கடனைக் கட்டாமல் ஓடிப்போனவன்.

அன்றுதான் முதன்முதலாக என் சிபில் ரிப்போர்ட்டை முழுசாகப் படித்தேன். அதுவரை சிபில் என்றால் ஒரு மூன்று இலக்க எண் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜெராக்ஸ் மாதிரிதான் இந்த 'சிபில்' என்ற சொல்லும். அது 2000-ல் தொடங்கப்பட்ட ஒரு கம்பெனியின் பெயர். இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில். இதே வேலையை எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்களும் செய்கின்றன. 2005-ல் வந்த கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று இயங்குபவை இவை நான்கும். வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் நம் கடன் விவரங்களை இவர்களுக்கு அனுப்பியாக வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினார்கள். 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை என்று ரிசர்வ் வங்கி ஆக்கிவிட்டது. வந்த விவரங்களை வைத்து 300-க்கும் 900-க்கும் இடையே ஒரு மார்க் போடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போடுவதால், சிபிலில் 760 இருப்பவருக்கு இன்னொன்றில் 735 இருக்கலாம். பதற வேண்டியதில்லை. 750-க்கு மேல் இருந்தால் நல்லது என்பது வங்கிகளின் பழக்கம்தானே தவிர, இத்தனை மார்க் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த எல்லையும் வைக்கவில்லை.

இந்த மார்க் எதைச் சொல்கிறது என்பதைவிட எதைச் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். உங்கள் சம்பளம் அதற்குத் தெரியாது. ஃபிக்ஸட் டெபாசிட், பீரோவில் இருக்கும் நகை, ஊரில் இருக்கும் இரண்டு ஏக்கர், எதுவும் தெரியாது. தெருச் சீட்டில் 15 வருடமாக ஒரு மாதம் கூடத் தவறாமல் பணம் கட்டிய அக்காவை ஊரே நாணயஸ்தர் என்று சொல்லும்; கம்ப்யூட்டருக்கு அவர் யாரென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: முறையாகப் பதிவான கடன் ஒன்றை வாங்கி, சொன்ன தேதியில் கட்டினீர்களா என்பது. கோடீஸ்வரருக்கு 620-ம், 25,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 800-ம் இருப்பது இதனால்தான்.

அந்தச் சின்னக் கட்டங்கள்

ரிப்போர்ட்டைத் திறந்தால் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாத வாரியாகக் கட்டங்கள் இருக்கும், அதிகபட்சம் 36 மாதத்துக்கு. பெரும்பாலான கட்டங்களில் 000 என்று இருக்க வேண்டும். பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான். தவணை தேதி கடந்து எத்தனை நாள் ஆகியும் பணம் வரவில்லை என்பதுதான் அந்த எண். 030 என்றால் ஒரு மாத பாக்கி. 90 நாளைத் தாண்டினால் வங்கிக் கணக்கில் அது வராக்கடன்.

மேனேஜர் முதலில் பார்ப்பது இந்தக் கட்டங்களைத்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒரே ஒரு 030 என்றால், "என்ன சார், அப்ப ஏதும் பிரச்னையா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். போன நான்கு மாதத்தில் 012, 025, 031 என்று ஏறிக்கொண்டே வந்தால், மார்க் 740 என்றாலும் ஃபைலை ஓரமாக வைத்துவிடுவார். பலருக்கு இந்த எண்கள் விழுவது பணம் இல்லாததால் அல்ல. சம்பளம் 7-ம் தேதி வரும், டியூ 5-ம் தேதி பிடிப்பார்கள். கணக்கில் 300 ரூபாய் குறைந்து ஆட்டோ டெபிட் திரும்பிப் போகும். அபராதத்தோடு பிறகு கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். கட்டம் மறக்காது. தவணைத் தேதியை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள், பல வங்கிகள் செய்து தருகின்றன. கிரெடிட் கார்டில் மட்டும் ஒரு சின்னச் சலுகை உண்டு: கடைசித் தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் பாக்கி என்று புகார் செய்யலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை நம்பி மாதாமாதம் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து இரண்டு வார்த்தைகள். 'ரிட்டன் ஆஃப்', 'செட்டில்ட்'. நம் செய்தித்தாள்கள் முதலாவதை 'கடன் தள்ளுபடி' என்றே எழுதிப் பழக்கிவிட்டன. தள்ளுபடி என்றால் நம் ஊரில் கடன் தீர்ந்தது என்று அர்த்தம். ரைட்-ஆஃப் அது இல்லை. வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தம் செய்துகொள்கிறது, அவ்வளவுதான். உங்கள் பாக்கி அப்படியே இருக்கிறது, வசூலுக்கு ஆளும் வரலாம். ரிப்போர்ட்டில் இருப்பதிலேயே மோசமான முத்திரைகளில் இதுவும் ஒன்று.

செட்டில்மென்ட் இன்னும் தந்திரமானது. 1 லட்சம் பாக்கி இருக்கும்போது வசூல் ஏஜென்ட் போன் செய்து, "40,000 கட்டுங்க அண்ணே, முடிச்சுக் கொடுத்துடறேன்" என்பார். இக்கட்டில் இருப்பவருக்கு அது பெரிய நிம்மதி, குறை சொல்ல முடியாது. ஆனால் ரிப்போர்ட்டில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்ட்' என்று வரும். வாங்கியதை முழுசாகத் தரவில்லை என்று அடுத்த வங்கி அதைப் படிக்கும். கை கொஞ்சம் நிமிர்ந்ததும் அதே வங்கிக்குப் போய் மீதியைக் கட்டி, நோ டியூ சர்டிபிகேட் வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். பழைய பாக்கியைத் தீர்ப்பதற்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

கார்டில் இன்னொரு விஷயம். லிமிட் 1 லட்சம் இருக்க, மாதாமாதம் 90,000-க்குச் செலவு செய்து முழுசாகக் கட்டிவிடுகிறவரும் மார்க்கில் அடிவாங்குகிறார். பில் போடும் நாளில் எவ்வளவு பாக்கி நின்றது என்பதுதான் பொதுவாகப் போய்ச் சேர்கிறது. லிமிட்டில் 30 சதவிகிதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். முடியாத மாதத்தில், பில் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் போதும்.

டூவீலர் ஷோரூமில் நடப்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே கையெழுத்தை வாங்கிக்கொண்டு மூன்று, நான்கு ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு விண்ணப்பத்தைத் தட்டிவிடுவார்கள். ஒவ்வொன்றும் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்ததாகப் பதிவாகும். ஒரே வாரத்தில் நான்கு பேரிடம் கடன் கேட்டவர் என்று அர்த்தமாகிறது. எந்தக் கம்பெனிக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் மார்க் குறையும் என்ற பயம் மட்டும் வேண்டாம். குறையாது.

கடனே வாங்காதவரின் கஷ்டம்

என் சித்தப்பா வாழ்நாளில் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார். ஓய்வுபெறும் வயதில் மகளுக்காக வங்கிக்குப் போனபோது அவருடைய மார்க் மைனஸ் ஒன்று என்று வந்தது. பாவம், இடிந்துபோய்விட்டார். அது கெட்ட மார்க் இல்லை, வரலாறே இல்லை என்பதற்கான குறியீடு. வரலாறு இல்லை என்பதற்காக மட்டுமே முதல்முறை கடன் கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2025-ல் நாடாளுமன்றத்தில் நிதித்துறை இணை அமைச்சரும் அதை உறுதி செய்தார். திருப்பி அனுப்பினால் இதை எடுத்துச் சொல்லலாம். வரலாற்றை உருவாக்க வேண்டும் என்றால், ஒரு சின்ன ஃபிக்ஸட் டெபாசிட்டை வைத்து அதன் மேல் கொடுக்கும் கிரெடிட் கார்டை வாங்கி, மாதம் பெட்ரோல் மட்டும் போட்டு, முழுசாகக் கட்டி வந்தால் போதும். மார்க் கெட்டுப்போனவர்களுக்கும் இதே வைத்தியம்தான். ஆறு மாதம், ஒரு வருடம் பொறுமை வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் கல்விக்கடன். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதை, கேட்கவே மாட்டார்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தேர்தல் வந்தால் தள்ளுபடி ஆகிவிடும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. கடனில் இணை விண்ணப்பதாரர் அப்பாவோ அம்மாவோதான். பிள்ளை கட்டத் தவறினால் வீட்டில் இரண்டு ரிப்போர்ட் ஒரே நேரத்தில் கெடுகிறது. 2023-ல் கேரள உயர் நீதிமன்றம், சிபில் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்றது. ஆனால் வேலை விஷயத்தில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. ஸ்டேட் வங்கி அதிகாரி தேர்வில் எல்லா நிலைகளிலும் தேறிய ஒருவரின் நியமனம், பழைய கடன் தவறுகளால் ரத்தானது. விளம்பரம் வரும் முன்பே கடனெல்லாம் அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவில் தலையிட மறுத்துவிட்டது. மக்கள் பணத்தைக் கையாள்கிறவருக்குச் சுத்தமான கடன் வரலாறு வேண்டும் என்பது வங்கியின் கட்சி. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கஷ்டகாலத்தில் தவறி, பிறகு முழுசாகக் கட்டியவரை நான் குறைவாக நினைக்க மாட்டேன். என்ன செய்வது, என் கருத்தை வைத்து யாரும் ஆள் எடுப்பதில்லை.

மார்க் குறைவதன் விலை பணத்தில் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 30 லட்சம் வீட்டுக்கடன், 20 வருடம். வட்டி 8.5 சதவிகிதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். மார்க் குறைவு என்று 9.5 சதவிகிதம் போட்டால் சுமார் 27,964. இருபது வருடத்தில் வித்தியாசம் 4 லட்சத்து 63 ஆயிரம். அதாவது, வங்கி கடன் கொடுக்க முன்வந்தால். வராவிட்டால் அடுத்த வாசல் மீட்டர் வட்டிக்காரருடையது. அங்கே ரிப்போர்ட் கேட்க மாட்டார்கள்.

இனிஷியல் படுத்தும் பாடு

தப்பே செய்யாதவர் ரிப்போர்ட்டிலும் தப்பு இருக்கும். குறிப்பாக நமக்கு. பெயர், பிறந்த தேதி, பான், போன் நம்பர், முகவரி இவற்றைப் பொருத்தித்தான் எந்தக் கடன் யாருடையது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. வங்கியில் எஸ்.முருகன், பான் கார்டில் சுப்பையா முருகன், ஆதாரில் முருகன் எஸ் என்று இருந்தால் அது குழம்பாமல் என்ன செய்யும்? வேறொரு முருகனின் பைக் லோன் உங்கள் கணக்கில் வந்து உட்காரும். கட்டி முடித்த நகைக்கடன் இன்னும் பாக்கி என்று நிற்கும்.

திருத்துவது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். சம்பந்தப்பட்ட கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. அவர்களாக எதையும் மாற்ற முடியாது. வங்கிக்கு அனுப்பி, வங்கி ஒப்புக்கொண்டால்தான் மாற்றுவார்கள். மொத்தம் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு. இது 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். '700 மார்க்கை 15 நாளில் 800 ஆக்கித் தருகிறோம்' என்று மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் மட்டும் பான் கார்டையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிடாதீர்கள். இலவசமாக நீங்களே போடக்கூடிய புகாரைத்தான் அவர்கள் காசுக்குப் போடுகிறார்கள், அதுவும் நல்ல ஆளாக இருந்தால்.

என் காலத்தில் இந்த நஷ்டஈட்டு விதி இல்லை. அந்த 500 ரூபாய் கார்டுக்காக ஐந்து மாதம் மெயிலும் கடிதமுமாக அலைந்தேன். கடைசியில் கட்டணத்தை ரத்து செய்து, பதிவையும் நீக்கினார்கள். அதற்குள் நான் பார்த்து வைத்திருந்த வீடு வேறொருவருக்குப் பத்திரமாகிவிட்டது.

நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 ஜனவரியிலிருந்து இருக்கும் விதி. இந்த வாரமே ஒன்றை எடுத்துப் பாருங்கள். மச்சானுக்கோ, கூட வேலை பார்த்தவருக்கோ எப்போதோ ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் முதலில் பாருங்கள். அந்தக் கடன் உங்கள் பெயரிலும் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கட்டவில்லை என்றால் அவருக்கு இருக்கும் அதே பொறுப்பு உங்களுக்கும் என்று 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டமே சொல்லி வைத்திருக்கிறது. அவரிடம், "ஒழுங்காகக் கட்டுகிறாயா?" என்று கேட்கச் சங்கடமாக இருக்கும். ரிப்போர்ட்டிடம் கேட்கலாம்.