வலேரியன் போத்தலும் சடாமாஞ்சில் வேரும்

கடையில் சில வருடங்களாக ஒரு கேள்வி கூடிக்கொண்டு வருகிறது. அரிசி, பருப்பு, கொத்தமல்லி எல்லாம் வாங்கிக் காசையும் கொடுத்து முடித்த பின் ஆள் போகமாட்டார். பக்கத்தில் நிற்பவர் போகும் வரை பார்த்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "காக்கா, நித்திரைக்கு ஏதும் சாமான் இரிக்கா?"

கேட்பவர்களில் அநேகர் எம்மைப் போன்ற வியாபாரிகள்தான். மீன் மொத்த வியாபாரி, ஹார்ட்வெயார் கடைக்காரர், லொறி வைத்து ஓடுபவர். சிலர் வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டு வந்த போத்தலின் படத்தைத் தொலைபேசியில் காட்டி, இது எடுத்துத் தர முடியுமா என்பார்கள். அந்தப் போத்தலில் இருப்பது பெரும்பாலும் வலேரியன் வேர். கேள்வி இருக்கும் இடத்தில் வியாபாரம் இருக்கிறது என்பது எமக்குத் தெரியாததல்ல. கொழும்பிலிருந்து வரும் விற்பனைப் பிரதிநிதிகளும் இப்போது இதைக் கொண்டு வந்து மேசையில் வைக்கிறார்கள். ஆகவே வாங்கி அடுக்குவதற்கு முன், இந்தச் சாமான் என்ன, இதை எப்படி விற்கலாம், எப்படி விற்கக் கூடாது என்று கொஞ்சம் பேசுவோம். இதில் நானே பட்டுத் தெளிந்த விடயமும் உண்டு.

2022ஆம் ஆண்டை எந்த வியாபாரியும் மறக்கமாட்டான். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபா வரை போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று நாடே கையை விரித்தது. நாடு விரிக்கலாம். புறக்கோட்டை முதலாளிக்குப் பின்திகதியிட்ட காசோலை கொடுத்தவன் விரிக்க முடியுமா? பழைய விலைக்கு விற்ற காசில் புதிய விலைக்குச் சரக்குப் போட முடியவில்லை. மின்வெட்டில் காற்றாடியும் நின்றுவிடும். நடுச்சாமத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காசோலைத் திகதிகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டு கிடந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த நாட்களில் கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மருமகன் ஒரு போத்தலைக் கையில் தந்தார். "மாமா, இது இங்கிலிஸ் மருந்து இல்ல, வேர்தான். ஒண்டும் செய்யாது" என்றார். வேர்தானே என்று நானும் இரண்டு வில்லைகளை விழுங்கினேன். அன்று எனக்குத் தடிமனும் இருந்தது. அதற்கு வழமையாக எடுக்கும் குளிசையையும் சேர்த்துப் போட்டேன். நித்திரை வந்தது உண்மை. ஸுபஹும் தவறிப்போனது. காலையில் கடன் காசு எடுக்கக் கிண்ணியாவுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, பாலத்துக்குக் கிட்ட கண் ஒரு நொடி மூடிவிட்டது. சில்லு தாரை விட்டுக் கிறவலில் இறங்கிய பின்தான் திடுக்கிட்டேன். பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமென்று இன்றும் நினைப்பதுண்டு.

பிறகு டொக்டரிடம் போனபோது அவர் விளங்கப்படுத்தினார். தடிமன் குளிசைகளில் பல தூக்கம் வரவைப்பவை. வலேரியனும் மூளையின் வேகத்தைக் குறைக்கும் சாமான். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மந்தமும் இரட்டிப்பாகும். நித்திரைக் குளிசை, வலிப்புக்கான மருந்து, மதுபானம் எதனோடும் இதைச் சேர்க்கக் கூடாது. வேர் என்பதால் ஒன்றும் செய்யாது என்ற பேச்சுச் சரியில்லை. ஒன்றும் செய்யாத சாமானென்றால் அதைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

வலேரியன் ஐரோப்பாவிலும் ஆசியாவின் சில பகுதிகளிலும் வளரும் ஒரு செடி. பூ வாசம், வேர் நாற்றம். பழைய காலுறையின் மணம் என்பார்கள். கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவருக்கு அது பெரிய விடயமல்ல. பூனைக்கு மட்டும் இந்த மணம் மிகவும் பிடிக்கும். எமது ஊரில் குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து புரளும், அதனால்தான் அதற்குப் பூனைவணங்கி என்று பெயர். வலேரியனும் அப்படித்தான். மாதிரிக்கு வந்த ஒரு பை வேரை இரவில் கல்லாவில் வைத்துவிட்டுப் போய், காலையில் கடை முழுவதும் கூட்டி அள்ளிய அனுபவம் எனக்குண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பச்சை வேரில் இந்த நாற்றம் அதிகமில்லை. காய்ந்து பழசாகும்போதுதான் கூடுகிறது. ஆகவே 'நல்லா மணக்குது, அசல் சரக்கு' என்று பிரதிநிதி சொன்னால் நம்பிவிட வேண்டாம். இந்த வேரைக் காய வைப்பதே 40 பாகைக்கு உட்பட்ட சூட்டில்தான், கூடினால் சத்துக் கெட்டுவிடும். எமது தகரக் கூரைக் களஞ்சியத்தில் ஓகஸ்ட் மாதம் என்ன சூடு இருக்குமென்று உங்களுக்கே தெரியும். வாங்கினால் சிறிதாக வாங்கி, குளிர்ச்சியான இடத்தில் இறுக மூடி வையுங்கள்.

இது வேலை செய்யுமா? ஐரோப்பிய மருந்து முகவரகம் இலேசான பதற்றத்துக்கும் நித்திரைக் குறைவுக்கும் வலேரியனை ஏற்றுக்கொண்டிருக்கிறது, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். அமெரிக்க நித்திரை மருத்துவ அமைப்போ 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில், தீராத நித்திரையின்மைக்கு இதைக் கொடுக்க வேண்டாமென்றது. 2006இல் 16 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், நித்திரை கொஞ்சம் நன்றாக வருவதாக ஆட்கள் சொல்கிறார்கள், ஆனால் ஆய்வுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, செய்த முறையிலும் குறையுண்டு என்று முடித்தார்கள். வியாபாரி மொழியில் சொன்னால், சிலருக்குச் சிறிது உதவும், உத்தரவாதம் கொடுத்து விற்க முடியாது.

இன்னொரு பிரச்சினை, இது முதல் இரவிலேயே வேலை காட்டும் சாமானல்ல. இரண்டு முதல் நான்கு வாரம் தொடர்ந்து எடுத்தால்தான் முழுப்பலன் தெரியும் என்பதே ஐரோப்பியர் கணக்கு. என்னிடம் வாங்கிய ஒருவர் மூன்றாம் நாள் போத்தலோடு திரும்பி வந்து, "காக்கா, என்னைய ஏமாத்திட்டீங்க" என்றார். குற்றம் என்னுடையது. விற்கும்போது நான் அதைச் சொல்லவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

இனி லேபலுக்கு வருவோம். வியாபாரிக்கு மிகவும் தேவையான இடம் இது. ஒரு போத்தலில் '500 மில்லிகிராம்' என்று இருக்கும், பக்கத்துப் போத்தலிலும் '500 மில்லிகிராம்' என்று இருக்கும், விலை மட்டும் பாதிக்குப் பாதி வித்தியாசம். மலிவானதை எடுத்து அடுக்கிவிடத் தோன்றும். சின்ன எழுத்தை வாசியுங்கள். ஒன்றில் இருப்பது வேரை அரைத்த தூள். மற்றதில் இருப்பது வேரிலிருந்து இறக்கிய சாறு, அதாவது எக்ஸ்ட்ராக்ட். ஐரோப்பிய முறையில் ஒரு பங்கு சாற்றுக்கு மூன்று முதல் ஏழு பங்கு வரை வேர் போகும். அப்படியென்றால் 500 மில்லிகிராம் சாறு என்பது ஒன்றரைக் கிராமிலிருந்து மூன்றரைக் கிராம் வரையான வேர். அதே 500 மில்லிகிராம் தூள் வெறும் அரைக் கிராம் வேர்தான். அறுபது வில்லையுள்ள தூள் போத்தலை வாங்கி, வேளைக்கு நான்கு வில்லை எடுத்தால் பதினைந்து இரவில் போத்தல் காலி. மலிவென்று நாம் விற்றது விலை கூடியதாகிவிடும். வாடிக்கையாளர் இந்தக் கணக்கை ஒருநாள் போட்டுப் பார்ப்பார்.

எமது ஆட்களுக்கு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. வில்லையின் கூடு ஜெலட்டினா, தாவரச் சரக்கா? ஜெலட்டினென்றால் எந்த மிருகத்தினுடையது? சொட்டு மருந்தாக வரும் வலேரியன் அநேகமாக மதுசாரத்தில் ஊறவைத்தது, அது லேபலில் இருக்கும். காய்ந்த சாறும் பெரும்பாலும் மதுசாரத்தால் இறக்கி, பிறகு அதை ஆவியாக்கி எடுப்பதுதான். அதன் சட்டத்தை நான் சொல்ல முடியாது, உலமாக்களிடம் கேட்க வேண்டும். ஆனால் கேட்கும் வாடிக்கையாளருக்கு லேபலில் உள்ளதை உள்ளபடி சொல்வது எமது கடமை. தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லலாம். 'எல்லாம் ஹலால்தான்' என்று கையசைத்து அனுப்பும் பழக்கம் எம்மிடையே இருக்கிறது, அது நல்லதல்ல.

அரசாங்கச் சட்டமும் இருக்கிறது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்களையும் தன் கீழ் கொண்டுவந்தது. பெட்டியில் வந்த பொருளுக்குப் பதிவு இருக்கிறதா என்று இறக்குமதியாளரிடம் கடதாசியோடு கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம், பொருளைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கி விற்பதைக் குற்றமாக்குகிறது. 'நித்திரையின்மை பூரண குணம்' என்று அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிட்டால் மாட்டுவது பிரதிநிதி அல்ல, கடைக்காரர்.

இவ்வளவும் தேடிப் படித்த பிறகு எனக்கு ஒரு வெட்கமும் வந்தது. வலேரியனின் உறவுக்காரச் செடி ஒன்று என் மூத்தவாப்பா காலத்திலிருந்தே எமது கடையின் மரலாச்சியில் கிடந்திருக்கிறது. சடாமாஞ்சில்தான் அது. பெண்கள் தலைக்கு எண்ணெய் காய்ச்ச வாங்கிப் போவார்கள். வேரைச் சுற்றிச் செம்பழுப்பு நார், சடை பிடித்த முடி போல இருக்கும், பெயரும் அதனால் வந்ததுதான். யூனானி வைத்தியர்கள் ஸும்புலுத் தீப் என்று எழுதித் தருவார்கள். மனப் பதற்றத்துக்கும் நித்திரைக்கும் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றிலும் அதைச் சேர்ப்பதுண்டு. இமயமலையில் வளரும் அசல் இந்திய வலேரியனும் ஒன்றுண்டு, ஹிந்தியில் தகர் என்பார்கள். புறக்கோட்டை கபோஸ் லேனில் மருந்துச் சரக்கு எடுப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல. கட்டாரிலிருந்து போத்தலில் வந்ததும் அதற்கு மதிப்பு வந்தது, லாச்சிக்குள் கிடந்ததை நாம் கண்டுகொள்ளவில்லை.

அதற்காகச் சடாமாஞ்சிலை மூட்டையாக வாங்கிப் போத்தலுக்குப் பதிலாக விற்கலாமென்று யாரும் கிளம்பவேண்டாம். அது நேபாளம், இந்தியா, பூட்டான் பக்கத்து மலைகளில் 3,000 மீற்றருக்கு மேல் வளர்வது. வேரைத் தோண்டினால் செடி போய்விடும். அப்படித் தோண்டித் தோண்டி, இன்று அது அழியும் ஆபத்து மிகக் கூடிய தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது. 1997 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழும் இருப்பதால், வேராக நாடு தாண்டும்போது ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சரக்குக் குறைந்து விலை ஏறிய இடத்தில் கலப்படமும் வரும். வேறு மலைச்செடிகளின் நார்வேரைச் சடாமாஞ்சில் என்று தள்ளிவிடுவது பழைய தொழில். தெரியாத ஆளிடம் மலிவாக எடுக்காதீர்கள். எவ்வளவு, எதனோடு, யாருக்கு என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். எமக்கு இங்கேயே வசதி இருக்கிறது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். கேட்டுத் தெளிய ஆளில்லை என்று நாம் சொல்ல முடியாது.

இப்போது யாராவது நித்திரைக்குச் சாமான் கேட்டால் நான் உடனே லாச்சியைத் திறப்பதில்லை. வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். பிரஷருக்கு, சீனிக்கு, மனதுக்கு என்று ஏற்கெனவே எடுப்பவர் டொக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், சிறு பிள்ளைக்கும் கொடுப்பதில்லை. அடுத்து, நாளைக் காலை என்ன வேலை என்று கேட்கிறேன். சீனக்குடா மா ஆலையிலும் சீமெந்து ஆலையிலும் இரவு முறை பார்ப்பவர், விடியுமுன் தோணி இறக்குபவர், கொழும்புக்கு லொறி ஓட்டுபவர் என்று எமது துறைமுகப் பக்கத்தில் பாதிப்பேர் நேரங்கெட்ட நேரத்தில் விழித்திருக்க வேண்டியவர்கள். கண் மந்தமானால் அவர்களுக்கு உயிராபத்து. குறட்டை விட்டுக் குறட்டை விட்டு மூச்சு முட்டி எழும்புபவருக்கு எந்த வேரும் தீர்வல்ல, அது வேறு நோய், வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும்.

ஜமாலியாவில் இருந்து வரும் ஒரு நண்பர், அவரும் வியாபாரி, போன மாதம் இதே கேள்வியோடு வந்தார். பிளேன்டீ குடித்தபடி பேசினோம். இரவு பத்து மணிக்குத் தேத்தண்ணி, பதினொரு மணி வரை கணக்குக் கொப்பி, அதன்பின் தலைமாட்டில் தொலைபேசி. நான் சிரித்தேன், ஏனென்றால் என் கதையும் அதுவேதான். டொக்டர் எனக்கு முதலில் நிறுத்தச் சொன்னது அஸருக்குப் பிறகு தேத்தண்ணியை. இரண்டாவது, இஷாவுக்குப் பிறகு கணக்குக் கொப்பியை. முதலாவது கஷ்டமாக இருந்தது, இரண்டாவது அதைவிடக் கஷ்டம்.

உண்மையைச் சொன்னால் 2022இல் எனக்கு முதன்முதலாக ஒழுங்கான நித்திரை வந்தது வலேரியனால் அல்ல. புறக்கோட்டை முதலாளிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, என்னால் இந்தத் திகதிக்கு முடியாது என்று வாயைத் திறந்து சொன்ன அன்று இரவுதான். அவர் காசோலையை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று தவணையாகக் கட்டச் சொன்னார். அதைக் கேட்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதமும் போத்தலுக்குக் காசு செலவழித்தேன். என் ஜமாலியா நண்பரிடமும் அதைத்தான் கேட்டேன்: "எத்தின செக் வெளிய நிக்குது?" அவர் பதில் சொல்லாமல் கோப்பையைக் கீழே வைத்தார். போத்தல் வாங்காமல்தான் போனார். அடுத்த நாள் கொழும்புக்குப் பஸ் ஏறியதாகக் கேள்விப்பட்டேன்.

என் கடையில் இப்போதும் ஐந்து போத்தல் வலேரியன் இருக்கிறது. சாறுதான், தூளல்ல; கூடு தாவரச் சரக்கு. கேட்பவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். மாதிரிப் பையில் மிஞ்சிய வேர் மட்டும் மூடியுள்ள தகரப் பேணியில், மேல் தட்டில் இருக்கிறது. பூனை இன்னும் அதற்குக் கீழேதான் படுக்கிறது.