இசைக்கவை தோளைத் தொட்டால் என்ன ஆகும்?

பள்ளி ஆய்வகத்தில் சுரமானிக்குப் பக்கத்தில் ஒரு நீள மரப்பெட்டி இருக்கும். திறந்து பாருங்கள். எஃகில் செய்த இசைக்கவைகள் வரிசையாகப் படுத்திருக்கும். உண்டிவில்லுக்கு வெட்டிய கவட்டையைப் போன்ற வடிவம். இரண்டு புயங்கள், கீழே ஒரு காம்பு. ஒவ்வொன்றின் மேலும் 256, 320, 384, 512 என்று ஓர் எண் பொறித்திருக்கும்.

இதே கருவியை இப்போது வேறோர் இடத்திலும் பார்க்கலாம். 'ஒலி சிகிச்சை' செய்கிறவர்கள் இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பைத் தோள்பட்டையிலும் முதுகிலும் ஊன்றுகிறார்கள். இறுகிய தசை இளகும், மனஅழுத்தம் குறையும் என்கிறார்கள். போய்ப் படுத்து வந்தவர்களில் பலர், "உடம்பு லேசாகிவிட்டது" என்று சொல்வதும் உண்டு.

அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். உடம்பை லேசாக்கியது எது? கவையின் ஒலியா, அதிர்வா, வேறு ஏதாவதா? துப்பு துலக்கிப் பார்ப்போம்.

கவை எப்படி ஒலிக்கிறது?

இசைக்கவையை உருவாக்கியவர் ஜான் ஷோர். லண்டன் அரசவையில் ட்ரம்பெட் வாசித்தவர். லூட் என்ற நரம்புக் கருவியும் வாசிப்பார். லூட்டின் நரம்புகள் அடிக்கடி சுருதி இறங்கிவிடும். எப்போது தட்டினாலும் மாறாத ஒரே சுரம் தரும் பொருள் ஒன்று கையில் இருந்தால் நல்லது அல்லவா? 1711-இல் அவர் செய்த பொருள்தான் இது.

கவையைத் தட்டியதும் இரண்டு புயங்களும் ஒன்றாக விலகி, ஒன்றாக நெருங்கும். 256 என்று பொறித்த கவையில் இது நொடிக்கு 256 முறை நடக்கும். இதைத்தான் 256 ஹெர்ட்ஸ் அதிர்வெண் என்கிறோம். 512 கவை அதே சுரத்தை மேல் ஸ்தாயியில் தரும். தட்டிய கணத்தில் 'கிணிங்' என்று கூடவே ஒரு கூர்மையான ஒலியும் கேட்கும். அதன் அதிர்வெண் அடிப்படைச் சுரத்தைப்போல் ஆறு மடங்குக்குச் சற்று அதிகம். அது சட்டென்று அடங்கிவிடும். மிஞ்சுவது கலப்பில்லாத ஒரே சுரம். வீணையிலும் புல்லாங்குழலிலும் இப்படித் தனிச் சுரம் கிடைக்காது. பல அதிர்வெண்கள் சேர்ந்துதான் வரும்.

இப்போது ஒரு வேடிக்கை. ஒலிக்கும் கவையைக் காதருகே பிடித்து, காம்பை விரல்களால் மெல்லச் சுழற்றுங்கள். ஒரு முழுச் சுற்றுக்குள் நான்கு முறை ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். புயங்கள் நெருங்கும்போது நடுவிலுள்ள காற்று அழுந்துகிறது. அதே நேரத்தில் வெளிப்புறக் காற்று தளர்கிறது. இந்த இரண்டு அலைகளும் சில திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கவை காற்றில் முணுமுணுப்பதோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காம்பை மேசையில் ஊன்றினால் கதை மாறுகிறது. புயங்கள் ஆடும்போது காம்பு நூலிழை அளவுக்கு மேலும் கீழும் துள்ளும். அந்தத் துள்ளல் மேசைப் பலகை முழுவதையும் அதிரவைக்கும். பெரிய பலகை நிறையக் காற்றைத் தள்ளும். ஒலி கணீரென்று கேட்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மேசையில் ஊன்றிய கவை, கையில் பிடித்த கவையைவிடச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். இருக்கும் ஆற்றல் அதே அளவுதான். வேகமாகச் செலவானால் வேகமாகத் தீரும்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டும்போது உங்கள் கை கொடுத்த ஆற்றலுக்கு மேல் ஒரு துளிகூடக் கவையால் யாருக்கும் தர முடியாது.

மருத்துவர் கையில் கவை

மருத்துவர்களும் இசைக்கவையை வைத்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களின் காலைச் சோதிக்க 128 ஹெர்ட்ஸ் கவையைத் தட்டி, பெருவிரல் எலும்பின் மேல் காம்பை வைப்பார்கள். "அதிர்வு தெரிகிறதா? நின்றதும் சொல்லுங்கள்" என்பார்கள். சர்க்கரை நோயால் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் அதிர்வு தெரியாது, அல்லது சீக்கிரமே நின்றுவிட்டதுபோல் தோன்றும்.

காதுக்கும் சோதனை உண்டு. ஜெர்மனியின் ரின்னே என்ற மருத்துவர் 1855-இல் சொன்ன முறை இது: கவையின் காம்பைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைக்க வேண்டும். ஒலி நின்றதும் கவையைக் காதுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். நல்ல காதுக்கு அப்போது ஒலி மறுபடியும் கேட்கும்.

இன்னொன்று வெபர் சோதனை. அதன் அடிப்படையை நீங்கள் கவை இல்லாமலே பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். ஒரு காதை மட்டும் விரலால் அடையுங்கள். ஒலி அடைத்த காதுப் பக்கமே ஓடுகிறதா? உங்கள் குரல் எலும்பு வழியாகவும் காதுக்குள் போகிறது. அடைத்த காதில் அந்த ஒலி வெளியே கசிய முடியாமல் தங்கிவிடுவதால் உரக்கக் கேட்கிறது.

கவனித்தீர்களா? ஒலி சிகிச்சை செய்கிறவர்கள் விரும்பிப் பயன்படுத்தும் கவைகளில் ஒன்றும் இதே 128 ஹெர்ட்ஸ்தான். மருத்துவர் அதை வைத்து உடம்பிடம் கேள்வி கேட்கிறார். சிகிச்சையாளர் அதுவே மருந்து என்கிறார்.

தோலுக்குள் நடப்பது

கவை தோளைத் தொட்டதும் முதலில் விழித்துக்கொள்வது தோலும் தசையும் அல்ல, அவற்றுக்குள் இருக்கும் உணர்விகள். அவற்றில் ஒரு வகை, பல அடுக்குகள் கொண்ட முட்டை வடிவ உறுப்பு. நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். இத்தாலிய மருத்துவர் பச்சினி 19-ஆம் நூற்றாண்டில் விவரித்ததால் அவர் பெயரே அதற்கு. உள்ளங்கையிலும் பாதத்திலும் இவை நிறைய இருக்கின்றன. எலும்பு மூட்டுகளை ஒட்டியும் இருக்கின்றன. நொடிக்கு 250 முறை அளவிலான அதிர்வு என்றால் இவற்றுக்கு மிகக் கூர்மை. அந்த வேகத்தில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக அசைந்தாலும் விரல் நுனி கண்டுபிடித்துவிடும். அவ்வளவு சின்னத் துள்ளல் தோளில் இதமாகத் தெரிவது இதனால்தான்.

வலிக்கும் இதில் பங்கு உண்டு. முழங்கால் மேசையில் இடித்தால் என்ன செய்கிறோம்? உடனே தேய்க்கிறோம். தேய்த்தால் வலி குறைவது ஏன் என்பதற்கு மெல்சாக், வால் என்ற இரு அறிவியலாளர்கள் 1965-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பிழைகள் தடித்தவை, வேகமானவை. அந்தச் செய்தி தண்டுவடத்தை அடையும்போது, மெதுவாக வரும் வலிச் செய்தி மேலே போவது ஓரளவு தடைபடுகிறது. ஊசி போடும்போது குழந்தையின் கையில் அதிரும் சிறு கருவியை வைக்கும் மருத்துவர்களும் உண்டு. ஆகவே, அதிர்வு சற்று நேரம் வலியை மறக்கடிப்பதில் வியப்பில்லை.

அப்படியென்றால் அதிர்வு பட்டால் தசை இளகும் என்று சொல்லிவிடலாமா? அவசரம் வேண்டாம். தசையைத் தசைநாண் எலும்போடு பிணைக்கிறது. அந்த நாணின் மேல் மின்கருவி ஒன்றால் நொடிக்கு 100 முறை அளவில் பலமான அதிர்வு கொடுத்துப் பார்த்தார்கள், 1960-களில் சுவீடன் ஆய்வாளர்கள். தசை தளரவில்லை, தானாகவே சுருங்கியது! தசை நீளுகிறது என்று உடம்பு தவறாக நினைத்து, அதை இழுத்துப் பிடிக்கப் பார்த்ததுதான் காரணம். கவையின் மெல்லிய அதிர்வு இவ்வளவு செய்யாது. ஆனால் அதிர்வு என்றாலே தளர்வு என்பது சரியான கணக்கு இல்லை என்று இது காட்டுகிறது.

கல்லீரலுக்கு ஒரு சுரம் உண்டா?

"ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அதிர்வெண் உண்டு. அந்தச் சுரத்தைக் கேட்டால் உறுப்பு ஒத்ததிர்ந்து குணமாகும்" என்றும் சிலர் சொல்கிறார்கள். ஒத்ததிர்வு உண்மையான அறிவியல்தான். மரப்பெட்டிகளில் பொருத்திய ஒரே அளவுள்ள இரண்டு கவைகளில் ஒன்றைத் தட்டினால் மற்றது தொடாமலே ஒலிக்கும். இரண்டாவது கவையின் புயத்தில் துளி மெழுகை ஒட்டினால் போதும், அதன் அதிர்வெண் மாறி அது ஊமையாகிவிடும்.

எஃகுக்குச் சரி, சதைக்கு? ஒலிக்கும் கவையின் புயத்தை விரலால் தொடுங்கள். சட்டென்று நின்றுவிடும். அந்த அதிர்வை வாங்கிக்கொண்ட விரல் பாட ஆரம்பித்ததா? இல்லை. மென்மையான, ஈரமான சதை அதிர்வை விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. அப்படி விழுங்கும் பொருளில் கூர்மையான ஒத்ததிர்வு எழாது. நோய் தீர்க்கும் தனிச் சுரம் என்று எதற்கும் ஆதாரம் இல்லை.

நல்லது செய்தது யார்?

சிகிச்சைக்குப் போனவர் என்னவெல்லாம் செய்தார் என்று பட்டியல் போடுங்கள். கைப்பேசியை அணைத்தார். அமைதியான அறையில் படுத்தார். கண்ணை மூடினார். ஒரே சுரம் மெல்லத் தேய்வதைக் கவனித்தார். கவனிக்கும்போது மூச்சும் நிதானமானது. அக்கறையோடு ஒருவர் பக்கத்தில் இருந்தார். பயமோ கவலையோ வந்தால் நம் தோள் தானாக மேலே ஏறும், கழுத்துத் தசை இறுகும், இதயம் வேகமாகத் துடிக்கும். மேலே சொன்ன ஒவ்வொன்றும் இதைத் தணிக்கக் கூடியது. கவை இல்லாமலும் தணிக்கும்.

தசையைத் தளர்த்தக் கருவியே வேண்டாத முறை ஒன்றும் உண்டு. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு உருவாக்கியது. இரண்டு தோள்களையும் காது வரை உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை இறுக்குங்கள். பிறகு பொத்தென்று விடுங்கள். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கை, கால், முகம் என்று ஒவ்வொரு பகுதியாகச் செய்யலாம். தேர்வுக்கு முந்தைய இரவில் செய்து பாருங்கள். பலர் ஆராய்ந்து, பயன் கண்ட முறை இது.

நீங்களே சோதிக்கலாம்

கவைக்கு என்று தனிப் பங்கு உண்டா? ஆசிரியர் துணையோடு வகுப்பில் சோதனை நடத்தலாம். மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். முதல் குழு பத்து நிமிடம் சும்மா படுத்திருக்கட்டும். இரண்டாவது குழு படுத்தபடி தம்புரா ஒலியைக் கேட்கட்டும். மூன்றாவது குழுவினரின் தோளில் அதே பத்து நிமிடமும் கவையைத் தட்டித் தட்டி வையுங்கள். முன்னும் பின்னும் ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். எண்ணுபவருக்கு, எதிரே இருப்பவர் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. தெரிந்தால் எண்ணிக்கை அவரையும் அறியாமல் சாய்ந்துவிடும்.

கவையை ரப்பர் அட்டையில் அல்லது உள்ளங்கையின் அடிப்பகுதியில்தான் தட்ட வேண்டும். கல்லிலும் மேசை விளிம்பிலும் தட்டினால் கெட்டுவிடும். காதுத் துளைக்குள் நுழைக்கவே கூடாது. அடிபட்ட இடத்தில் வைக்க வேண்டாம். கழுத்து வலி நாள்கணக்கில் நீடித்தால் கவையைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று குழுவிலும் துடிப்பு ஒரே அளவு குறைந்தால் ஓய்வுதான் வேலை செய்தது என்று எழுதுங்கள். மூன்றாவது குழுவில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால், ஒரு வகுப்புக் கணக்கு போதாது. இன்னொரு வகுப்பிலும் அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். 'உடம்பு லேசாச்சு' என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். எதனால் என்று அவர்கள் சொல்லும்போது மட்டும், "சும்மா படுத்திருந்தவர்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிடுங்கள்.