உயிரணுவுக்குள் வைரத் தர்மாமீட்டர்!

காய்ச்சல் வந்தால் நாக்குக்கு அடியில் தர்மாமீட்டரை வைத்து, உடம்பின் சூட்டைப் பார்க்கிறோம். ஆனால், உடம்பில் உள்ள ஓர் உயிரணுவின் சூட்டை எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான உயிரணுக்கள் தலைமுடியின் பருமன்கூட இருப்பதில்லையே!

இதற்கு 2013-ம் ஆண்டில் ஒரு வழி கண்டார்கள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள். அவர்கள் எடுத்த கருவி என்ன தெரியுமா? வைரம்! கண்ணுக்கே தெரியாத வைரத் துகள். அதை மனித உயிரணுவுக்குள் செலுத்தினார்கள்.

அந்த வைரத்தில் ஒரு சிறு பழுது உண்டு. கார்பனுக்கு நடுவே நைட்ரஜன் புகுந்திருக்கும். பக்கத்து இடம் காலியாக இருக்கும். பச்சை ஒளி பட்டால் அந்த இடம் சிவப்பாக ஒளிரும். கூடவே மைக்ரோ அலையைச் செலுத்தினால், ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஒளி மங்கும். சூடு மாறினால் அந்த அலைவரிசையும் மாறும். அதைக் கொண்டு சூட்டைக் கணக்கிடலாம்!

பிறகு, உயிரணுவில் தங்கத் துகளையும் வைத்து, லேசர் ஒளியால் சூடேற்றினார்கள். ஏறிய சூட்டை வைரம் காட்டியது. சூடு மிஞ்சியதும் உயிரணு இறந்தது.

இதனால் என்ன பயன்?

புற்றுநோய்க் கட்டியைச் சூட்டினால் அழிக்கும் சிகிச்சை உண்டு. சூடு குறைந்தால் கட்டி பிழைத்துக்கொள்ளும். மிஞ்சினால் பக்கத்தில் உள்ள நல்ல சதையும் வெந்துபோகும். அளவு தெரிந்தால்தானே நோயாளிக்கு நன்மை?

இந்த வைரம் இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில், கழுத்தில் மின்னும் வைரத்தைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்!