மூன்று நாள் வாய்ப்பூட்டு!

படம் பார்த்தவன் பேசக்கூடாதாம்!

பணம் கொடுத்து டிக்கட் வாங்கலாம். மூன்று மணி நேரம் இருட்டிலே உட்காரலாம். இடைவேளையில் வெளிக்கடை விலையைப்போல இரண்டு மடங்கு கொடுத்துத் தின்பண்டம் வாங்கலாம். ஆனால் கொட்டகையைவிட்டு வெளியே வந்ததும், “படம் எப்படி?” என்று ஒருவர் கேட்டால் மட்டும் வாய் திறக்கலாகாதாம். மூன்று நாள் பொறுக்க வேண்டுமாம். மூன்று நாள் கழித்துப் பேசினால் குற்றமில்லையாம். சரக்கு விற்றுத் தீரும்வரையில் வாங்கியவன் வாய் பொத்தி நிற்க வேண்டும் என்பதுதானே இதன் பொருள்?

நாம் கற்பனையாகச் சொல்லவில்லை, தோழர்களே! 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் ஓர் அறிக்கை விடுத்தது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய பெரும் படங்களை, முதல் நாள் முதற் காட்சியிலேயே எழுந்த விமர்சனங்கள் பெரிதும் பாதித்துவிட்டன என்றது. ஆகவே, யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விட்டு மக்கள் கருத்தை எடுக்க இனி இடம் தரலாகாது என்று தியேட்டர் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதையடுத்து நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறியது. படம் வெளிவந்த முதல் மூன்று நாள்களுக்குச் சமூக ஊடகங்களில் விமர்சனமே வரக்கூடாது, தடை வேண்டும் என்றது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அத்தகைய தடை விதிக்க மறுத்தது, கருத்துரிமையைச் சுட்டிக்காட்டியது. ஆயினும் ஆசை அடங்கிற்றா? இல்லை. 2025இலும் திரையுலக மேடைகளில் இதே குரல் ஒலித்தது.

ஆகவேதான் இதை எழுதுகிறோம். பொழுதுபோக்கு விவகாரம்தானே, இதற்கென்ன இத்தனை பேச்சு என்று தோழர்கள் எண்ணிவிடக் கூடாது. உழைப்பவன் கருத்துக்கு ஊரிலே எங்கே மதிப்பிருக்கிறது? ஆலையிலே அவனைக் கேட்டு எந்திரம் வாங்குவதில்லை. அங்காடியிலே அவனைக் கேட்டு விலை வைப்பதில்லை. அவன் சொல்லுக்கு ஒரு பெரும் தொழிலே நடுங்குகிறது என்றால், அது அவன் படம் பார்த்துவிட்டு வெளியே வந்து, “தேறாது” என்று உதட்டைப் பிதுக்கும் அந்த ஒரு கணத்தில்தான்! பத்திரிகை ஆசிரியன் அல்லன் அவன். படக்கலை பயின்றவனும் அல்லன். பெயின்ட் அடிப்பவன், லேத் பிடிப்பவன், மூட்டை தூக்குபவன், ஆட்டோ ஓட்டுபவன். அவன் தேநீர்க் கடையில் சொல்லும் இரண்டு வார்த்தைக்குக் கோடிக்கணக்கில் கொட்டிய விளம்பரம் ஈடாவதில்லை. அந்தச் சொல்லுக்குத்தான் பூட்டுத் தேடுகிறார்கள்.

சொல்வதற்கு அவனுக்கு உரிமை உண்டா என்று கேட்பாரும் உளர். உண்டு, விலை கொடுத்து வாங்கிய உரிமை அது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கட்டுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்டுகிறான். நூறும் அதற்குக் கீழும் என்றால் 2025 செப்டம்பரிலிருந்து 5 விழுக்காடு. வரியையும் கட்டிவிட்டு, வாயையும் கட்டிக்கொள் என்றால் எப்படி? புளித்த மாவை விற்ற கடைக்காரர், “மூன்று நாள் கழித்துச் சொல்லுங்கள்” என்றால் நம் வீட்டுத் தாய்மார் விடுவார்களா?

தயாரிப்பாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். கடன் வாங்கிப் படமெடுத்த சிறு முதலாளியும் இருக்கிறார். ஒரு படத்தில் விளக்குப் பிடிப்பவர் முதல் சமையல் செய்பவர் வரை எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் பிழைக்கின்றன. படத்தைப் பேசாமல் நடிகையின் உடலைப் பேசுவது, இயக்குநரின் சாதியைப் பேசுவது, படம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் “குப்பை” என்று செல்போனில் எழுதிவிடுவது — இவையெல்லாம் கருத்துமல்ல, விமர்சனமுமல்ல, வசை. வசையை நாமும் எதிர்க்கிறோம். ஆனால் வசைக்கு மருந்து வாய்ப்பூட்டு அல்ல. காலில் முள் தைத்தால் முள்ளை எடுப்பார்களா, காலை எடுப்பார்களா?

இன்னொன்றையும் கேட்கிறோம். பார்த்தவன் சொல் அத்தனை பயனற்றது என்றால், அதைக் கேட்டுப் படத்தைத் திருத்தியது யார்? ‘இந்தியன் 2’ 2024 ஜூலை 12 அன்று வெளிவந்தது. நீளம் தாங்கவில்லை என்றார்கள் பார்த்தவர்கள். சில நாளில் 12 நிமிடக் காட்சிகள் வெட்டப்பட்டன. ‘கங்குவா’ நவம்பர் 14 அன்று வந்தது. கூச்சல் காதைப் பிளக்கிறது என்றார்கள். ஒலியின் அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்காரர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே அறிவித்தார். யார் சொல்லைக் கேட்டு? நிபுணர் குழு கூடியா முடிவு செய்தது? இல்லை, காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்த சாமானியன் சொன்னதைக் கேட்டு! மூன்று நாள் அவன் வாயைப் பூட்டியிருந்தால், மூன்று நாள் பார்த்த அத்தனை பேர் காதும் அல்லவா இரைந்திருக்கும்?

“மக்கள் தீர்ப்பு எப்போதும் சரியா?” என்று கேட்கலாம். சரியல்ல, அதையும் ஒளிக்காமல் சொல்வோம். 1954இல் ஏ.வி.எம். நிறுவனம், எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ‘அந்த நாள்’ என்ற படத்தைத் தந்தது. ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. பாட்டுக்காகவே படம் பார்த்துப் பழகிய அன்றைய கூட்டம் அதை ஏற்கவில்லை. வசூலில் படம் விழுந்தது. இன்றோ தமிழ்ப் படங்களின் வரலாற்றை எழுதுவோர் அதை விட்டுவிட்டு எழுத முடியாது. 2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வந்தது. தொழிற்சங்கத்துக்காக நிற்கும் ஒருவனை நாயகனாக்கிய படம். ஆலை வாசலில் நாடகம் போட்டு முதலாளியைக் கேள்வி கேட்பவனின் கதை. யாருக்காக எடுக்கப்பட்டதோ அந்த உழைப்பாளியே அன்று கொட்டகைக்குப் போகவில்லை! வசூல் கைவிட்டது.

பிறகு நடந்ததென்ன? டி.வி.யில் மறுபடி மறுபடி ஒளிபரப்பானது. பார்த்தவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொன்னான். “அன்றைக்கு விட்டுவிட்டோமே” என்று பேச்சு பரவியது. இன்று அந்தப் படத்தைப் போற்றாதவர் குறைவு. தீர்ப்பைத் திருத்தியது யார்? தடைச் சட்டமா? இல்லை. அதே மக்கள், அதே வாய்! பேச்சின் பிழையைப் பேச்சுத்தான் திருத்தும். பேசவிடாத இடத்திலே பிழையும் அப்படியே கிடக்கும்.

பூட்டு ஒருபுறம் இருக்கட்டும். நம் வாய்க்கு வேறு இரண்டு ஆபத்துகளும் உண்டு.

ஒன்று, கூலிக்குப் பேசும் வாய். பார்வையாளன் போல வேடமிட்டு, கொட்டகை வாசலில் நின்று, “வேற லெவல்” என்று துள்ளுகிறவனில் எத்தனை பேர் உண்மையில் டிக்கட் எடுத்தவர்? பணம் பேசுகிறதா, மனம் பேசுகிறதா என்று அறிவது எளிது. மனம் பேசுகிறவன் ஒரு காட்சியைச் சொல்வான். ஒரு குறையையும் சேர்த்துச் சொல்வான். கூலிக்குப் பேசுகிறவன் எல்லாப் படத்துக்கும் ஒரே சொல்லைச் சொல்வான்.

இரண்டாவது ஆபத்து நமக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் ரசிகப் பகை. என் நடிகன் படமென்றால் ஓட வேண்டும், உன் நடிகன் படமென்றால் கவிழ வேண்டும் என்று, படம் வருமுன்பே தீர்ப்பெழுதி வைத்திருக்கும் பகை. ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் நிற்கும் இரண்டு தோழர்கள், இரண்டு நடிகர்களுக்காகப் பேச்சை முறித்துக்கொள்வதா? நடிகர்களோ விழா மேடையில் தழுவிக்கொள்கிறார்கள்! மற்றவர் நம் வாயைப் பூட்டினால் கோபம் வருகிறது. நாமே பூட்டிச் சாவியை நடிகரிடம் கொடுப்பதற்கு ஏன் வெட்கம் வரவில்லை?

பெரிய திரை கிடக்கட்டும். வீட்டுக்குள் இருக்கும் சின்னத் திரைக்கு வருவோம். அங்கே டிக்கட் இல்லை. ஆகவே கேள்வியும் இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். நாள்தோறும் வருகிற சீரியல்களில் எது நீடிப்பது, எது நிற்பது என்பதை டி.ஆர்.பி. என்னும் கணக்கு சொல்கிறது. 2020 கணக்குப்படி நாட்டில் டி.வி. உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. கணக்கெடுக்கும் மீட்டர் வைத்த வீடுகளோ ஏறத்தாழ 55,000. அதாவது, கிட்டத்தட்ட நாலாயிரம் வீட்டுக்கு ஒரு வீடு! அந்த ஒரு வீடு நம் வீடாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? மேலும் மீட்டருக்குத் தெரிவது எது ஓடியது, யார் பார்த்தார்கள் என்பது மட்டுமே. பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டு பார்த்தாளா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே, சின்னத் திரையைப் பற்றியும் வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். ஆண்கள்தாம் காது கொடுப்பதில்லை. “சீரியல் பைத்தியம்” என்று எள்ளிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 2002 முதல் 2005 வரை சன் டி.வி.யில் வந்த ‘மெட்டி ஒலி’யை இன்றும் ஏன் பேசுகிறார்கள்? ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் கவலை அது; நம் தெருவின் கவலை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நள்ளிரவில் சதி செய்யும் மாமியார்களைப் பார்த்து அலுத்த பெண், “இப்படி எந்த வீட்டிலே நடக்கிறது?” என்று கேட்கிறாளே, அதைவிடச் சிறந்த விமர்சனத்தை எந்தப் பேராசிரியர் எழுதிவிடப் போகிறார்?

2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரையே எடுத்துக்கொள்வோம். படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து, வேலைக்குப் போகவிடாமல் அடுப்படியில் அடைத்து வைக்கும் வீட்டின் கதை. அடைப்பவன் ஆதி குணசேகரன். அந்த வேடத்தை ஏற்ற மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று மறைந்தபோது, அவரை முன்பின் அறியாத வீடுகளில்கூடத் துக்கம் பரவியது. அருமையான நடிகர், ஐயமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். குணசேகரன் அதட்டும்போதெல்லாம் சிரித்தோமே, ஏன் சிரித்தோம்? அவன் கொடுமையைக் கண்டு நகைத்தோமா, அல்லது நம் வீட்டில் நாம் பேசுவதைத் திரையிலும் கேட்ட மகிழ்ச்சியா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அப்போது சிரித்தாளா, தோழரே? திரும்பிப் பார்த்தீரா? அதைப் பார்க்காமல் சொல்லும் கருத்து பாதிக் கருத்துத்தான்.

எப்படிக் கருத்துச் சொல்வது என்பதற்கு ஒரு வெள்ளிக்கிழமையையே காட்டலாம். 2024 ஆகஸ்ட் 23. அன்று வந்த தமிழ்ப் படங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று மாரி செல்வராஜின் ‘வாழை’. தலையில் வாழைத்தார் சுமக்கும் மக்கள், தார் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்கும் கதை. அந்த உழைப்பாளர் லாரியில் ஏறிப்போய் மீளாத கதை. பார்த்தவர்கள் அழுதார்கள், சொன்னார்கள், கூட்டம் வந்தது. மற்றொன்று பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. வேறு சாதிக்காரனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்ததாகச் சொல்லி, குடும்பமே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடியிடம் போகிறது. அந்தப் பெண் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. பெர்லின் விழாவுக்குப் போய்வந்த படம். பின்னணி இசையும் இல்லை, முடிவையும் சொல்லவில்லை என்று பலர் சலித்தார்கள்.

சலித்தது குற்றமல்ல. அதைச் சொன்னதும் குற்றமல்ல. ஆனால் அங்கேயே நின்றுவிடாமல், “முடிவு ஏன் சொல்லப்படவில்லை? அந்தப் பெண்ணை என்ன செய்யலாம் என்று நம்மையல்லவா கேட்கிறார்கள்?” என்று தேநீர்க் கடையில் ஒரு தோழர் கேட்டிருந்தால், அன்றைய பேச்சு எவ்வளவு உயர்ந்திருக்கும்!

நம் கேள்விகள் எளியவை. இந்தக் கதையில் வேலை செய்கிறவன் உண்டா, அல்லது எல்லாரும் சும்மாவே சாப்பிடுகிறார்களா? பெண் பேசுகிறாளா, அழ மட்டும் செய்கிறாளா? சிரித்த இடத்தில் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? அலுத்த இடத்தில் ஏன் அலுத்தோம்? இந்த நாலு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் எவனும் தாழ்ந்த ரசிகனல்லன். பெரும் விளம்பரம் இல்லாமல் வந்த ‘லப்பர் பந்து’ 2024இலும், இலங்கையிலிருந்து தப்பிவந்த குடும்பத்தைப் பற்றிய ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ 2025இலும் கொட்டகையில் நிலைத்து நின்றது, இப்படிப்பட்ட சாமானியர் ஒருவருக்கொருவர் சொன்ன சொல்லால்தான். வாய்ப்பூட்டு வந்திருந்தால் முதலில் மடிந்திருப்பவை இத்தகைய சிறு படங்களே! பெரிய படத்துக்குப் பேனர் பேசும். சிறு படத்துக்குப் பார்த்தவன்தான் பேச வேண்டும். முதல் மூன்று நாள் அவன் பேசாவிட்டால், நாலாம் நாள் அந்தப் படம் கொட்டகையில் இருக்காது.

ஆகவே, தோழர்களே, பார்த்த படத்தைப் பற்றிப் பேசுங்கள். முழுவதும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஆளைத் தூற்றாமல் படத்தைப் பேசுங்கள். காசுக்குப் பேசாதீர்கள், கட்டவுட்டுக்குப் பேசாதீர்கள். வீட்டுக்குப் போனதும், “நீ என்ன நினைக்கிறாய்?” என்று அவளையும் கேளுங்கள்.

மூன்று நாள் என்ன, மூன்று நிமிடம்கூட நாம் காத்திருக்கப் போவதில்லை.