நிமிடத்துக்கு 12 லிட்டர்

“ஆக்சிஜன் வைத்துப் பார்த்தோம், கேட்கவில்லை” என்கிறீர்களே தம்பி, எப்படி வைத்தார்கள் என்று முதலில் சொல்லுங்கள். மூக்கில் செருகுகிற மெல்லிய குழாயா, முகத்தை மூடுகிற மாஸ்க்கா? மீட்டரில் குண்டு எந்த எண்ணில் நின்றது? மூக்குக் குழாய், 3 லிட்டர் என்றால் உங்கள் மச்சானுக்கு அந்த வைத்தியம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

உங்கள் மச்சானுக்கு வந்திருக்கும் கிளஸ்டர் தலைவலி ஒரு பக்கத்துக் கண்ணைச் சுற்றியும் பொட்டிலும்தான் வரும். கால் மணியிலிருந்து மூன்று மணி நேரம்வரை நீடிக்கும். மோசமான நாளில் எட்டு முறைகூட வரலாம். அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் கொட்டும், மூக்கு அடைக்கும், இமை தொங்கும். மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார். கிளஸ்டர் வந்தவரால் ஓரிடத்தில் இருக்கவே முடியாது. நடந்துகொண்டே இருப்பார், சுவரில் தலையை முட்டிக்கொள்வார். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில், தினமும் ஏறக்குறைய அதே வேளையில் வலி எழுப்பிவிடும். தூக்கத்தையும் விழிப்பையும் நடத்துகிற, மூளையில் உள்ள ஹைப்போதலாமஸுக்கு இந்த நோயில் பங்கு உண்டு. நேரம் தவறாமல் வருவதன் காரணம் அங்கேதான் என்று கருதுகிறார்கள். சில வாரங்களோ மாதங்களோ வாட்டிவிட்டுப் பலருக்கும் தானாக நின்றுபோகும், பிறகு ஒரு பருவத்தில் திரும்பி வரும். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் என்பது கணக்கு. கண்ணும் மூக்கும் வடிவதைப் பார்த்து சைனஸ் என்று வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. வலி தாடைக்கு இறங்குவதால் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

ஆக்சிஜன் வைத்தியம் நேற்று வந்ததில்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பேயர்ட் ஹார்டன் 1950களிலேயே அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். 1981இல் லீ குட்ரோ என்ற டாக்டர் நிமிடத்துக்கு 7 லிட்டர் கொடுத்து, நான்கில் மூன்று பேருக்குப் பலன் கண்டதாக எழுதினார். (‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் ஃபீபியாக வருகிற லீசா குட்ரோ இவருடைய மகள்தான்.) சந்தேகத்தைத் தீர்த்தது 2009இல் வெளியான லண்டன் ஆய்வு. நிமிடத்துக்கு 12 லிட்டர், 15 நிமிடம். ஒரு முறை ஆக்சிஜன், இன்னொரு முறை வெறும் காற்று. எது எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆக்சிஜனில் 78 சதவீதம் வலிகள் கால் மணிக்குள் அடங்கின அல்லது போதுமான அளவு தணிந்தன. காற்றில் 20 சதவீதம்தான்.

ஏன் 12 லிட்டர்? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாம் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் காற்று இழுக்கிறோம். வலியில் துடிக்கிறவர் இன்னும் அதிகமாக இழுப்பார். குழாயில் 3 லிட்டர் வந்தால் மீதியை அறைக் காற்று நிரப்பும். அதில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அதனால்தான் கீழே பை தொங்குகிற, நான்-ரீபிரீதர் என்கிற மாஸ்க் வேண்டும். பை முழுக்க உப்பியபின் முகத்தில் இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து இழுக்க வேண்டும். வலி தலைகாட்டியதுமே தொடங்க வேண்டும். உச்சத்துக்குப் போனபின் தொடங்கினால் அடங்க நேரமாகும்.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் பரணில் இருக்கிறதே என்பீர்கள். வீடுகளுக்கு வாங்கியவற்றில் பெரும்பாலானவை 5 லிட்டர் மெஷின்கள், இதற்குப் போதாது. சிலிண்டர்தான் சரி. கையில் தூக்குகிற பி டைப்பில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். ஒரு வலிக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் என்றால் 180 லிட்டர், ஆக எட்டு வலிக்கு வரும். தினம் இரண்டு முறை வந்தால் நான்கே நாள்! பெரிய டி டைப் 7,000 லிட்டர். வீட்டில் அதை வைத்து, வெளியே போக சின்னதை வைத்துக்கொள்ளலாம். மீட்டரில் 15வரை எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டாக்டர் சீட்டில் வெறுமனே ‘ஆக்சிஜன்’ என்று எழுதினால் போதாது. எத்தனை லிட்டர், எந்த மாஸ்க் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பிரிட்டனில் 2012இலேயே அரசு வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் மெடிகேர் இந்த நோய்க்கு வீட்டு ஆக்சிஜன் கிடையாது என்ற விதியை 2021இல்தான் எடுத்தது. காப்புரிமை வாங்கி விற்க முடியாத மருந்துக்குப் பரிந்து பேச ஆள் குறைவு என்பது என் எண்ணம்.

உங்கள் மச்சான் சிகரெட் பிடிப்பவரா? இந்த நோய்க்காரர்களில் நிறையப் பேர் பிடிக்கிறார்கள். சிலிண்டர் இருக்கிற அறையில் சிகரெட், பூஜை விளக்கு, கொசுவத்தி எதுவும் கூடாது. ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக்கூடாது. சிலிண்டரைச் சாயாதபடி சங்கிலி போட்டுக் கட்டிவையுங்கள். புகையால் நுரையீரல் கெட்டிருந்தால் டாக்டரிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு அதிக ஆக்சிஜன் ஆகாது.

ஆக்சிஜன் கேட்காதவர்களுக்கு சுமாட்ரிப்டான் 6 மில்லிகிராம் ஊசி, தோலுக்கடியில். வேகமாக வேலை செய்யும். இதயநோய் இருப்பவர்களுக்குக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு வீண். டிரிப்டான் மாத்திரையும் வயிற்றில் கரைந்து ஏறுவதற்குள் வலியே முடிந்துவிடும். வலி வரும் காலத்தில் குடி அறவே வேண்டாம், ஒரு பெக்கே வலியை இழுத்துவிடும்.

இதெல்லாம் வந்த வலிக்கு. வராமல் தடுக்க வெராபமில் மாத்திரை இருக்கிறது. அது பிடிக்கும்வரை சில நாள் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். வெராபமில் இதயத் துடிப்பின் ஓட்டத்தைத் தொடும் மருந்து. ஆரம்பிக்கும் முன்னும் டோஸ் கூட்டும்போதும் ஈசிஜி எடுக்க வேண்டும். முதல் முறை பார்க்கிற நியூராலஜி டாக்டர் எம்ஆர்ஐ எழுதினால் பயப்பட வேண்டாம். பிட்யூட்டரிக் கட்டி மாதிரி வேறு ஏதாவது இதே வேஷத்தில் வருகிறதா என்று பார்க்கத்தான். போகும்போது வலி வந்த நேரங்களைக் குறித்து எடுத்துப்போங்கள். அடுத்த முறை வலி வரும்போது அந்தப் பக்கத்துக் கண்ணை மொபைலில் வீடியோ எடுத்துவையுங்கள். டாக்டர் பார்க்கிற நேரத்தில் மச்சான் நன்றாகத்தான் இருப்பார்.