செயலிக் கணக்கு யார் பெயரில்?

சந்தை விலை சொல்லவும் இடுபொருள் முன்பதிவுக்கும் சொந்தச் செயலி தயாரிக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலியை எழுதித்தரும் இளைஞர் தன் பெயரிலேயே கணக்கு தொடங்கி வெளியிட்டுவிட்டால், பிறகு ஒரு திருத்தத்துக்கும் அவரைத்தான் தேட வேண்டும். நிலம் நம்முடையது, பட்டா வேறொருவர் பெயரில் என்ற கதைதான்.

கூகுள் பிளே ஸ்டோரில் டெவலப்பர் கணக்குக்கு ஒருமுறை மட்டும் 25 டாலர் கட்டணம். நிறுவனக் கணக்குக்கு டி-யு-என்-எஸ் எண் தேவை. டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் இதை இலவசமாகத் தருகிறது. 30 நாள் வரை ஆகலாம் என்பதால் முதலில் இதற்கு விண்ணப்பியுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்து மாறாமல் இருக்கட்டும். புதிய தனிநபர் கணக்கென்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே வெளியிட அனுமதி கேட்க முடியும். கணக்கு நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். இளைஞரைப் பயனராக மட்டும் சேர்த்தால் போதும்.