உப்பிழந்த களிமண்

மாரி மழை ஓய்ந்த மறுநாள் வன்னிக் குளமொன்றின் கலங்கல் நீரைக் கண்ணாடிக் குவளையொன்றில் எடுத்து வைத்தால், அது மூன்று நாளாகியும் தெளியாது. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலக்கினால், அல்லது சிறிது சீனக்காரம் இட்டால், சிறு பொழுதில் மண் அடியிற் படிந்து நீர் தெளிகின்றது. உப்பிட்டாலும் அவ்வாறே நிகழும். நம் பாட்டிமார் இதனை நன்கறிந்திருந்தனர். காரணம் ஆராய வேண்டிய தேவை அவர்க்கு ஏற்படவில்லை. கல்லூரி ஆய்வுகூடத்தில் இரு சோதனைக் குழாய்களிற் சேற்று நீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பிட்டு ஆசிரியர் காட்டியபோது, நாமும் அதனை ஒரு வேடிக்கையாகவே கண்டோம். அவ்விரு குழாய்களுக்கிடையே உள்ள வேற்றுமை ஊர்களை விழுங்க வல்லது என்பதைப் பின்னர் எந்திரவியல் பயின்ற காலத்திலேதான் உணர்ந்தோம்.

மணலுக்கும் களிமண்ணுக்கும் உள்ள வேறுபாடு பருமனில் மட்டுமன்று. மணற்றுணிக்கை உருண்டையானது, தன் பாரத்தால் அசையாது நிற்பது. களித்துணிக்கையோ ஒரு மில்லிமீற்றரின் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியது, தகடு போன்றது. தகடாதலால் அதன் பாரத்தை நோக்க மேற்பரப்பு மிகப் பெரிது. மொன்மொரிலனைற்று என்னும் களிக்கனிப்பொருள் ஒரு கிராம் எடுத்து, அதன் தகடுகளையெல்லாம் பிரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 800 சதுர மீற்றர் இடம் வேண்டும். நம்மூர்க் கணக்கிற் கூறின் மூன்று பரப்புக் காணிக்கும் மேல். இத்துணைப் பரப்புடைய பொருளை ஆள்வது பாரமன்று, மின்னேற்றமே.

களித்தகட்டின் முகம் எதிர்மின்னேற்றம் உடையது. ஆதலால் சூழ்ந்துள்ள நீரிலிருந்து சோடியம், கல்சியம் முதலிய நேர்மின் அயன்களை அது தன்பால் ஈர்த்துக்கொள்கின்றது. அவ்வயன்கள் தகட்டின்மீது இறுக ஒட்டிக்கொள்வதில்லை. விளக்கைச் சூழும் ஈசல்போல ஒரு மண்டலமாய் நிற்கின்றன. இம்மண்டலத்தின் கணக்கைக் கூயி 1910ஆம் ஆண்டிலும் சாப்மன் 1913ஆம் ஆண்டிலும் தனித்தனியே வகுத்தனர். நீரில் உப்பு மிகுந்திருப்பின் மண்டலம் சுருங்கும். உப்புக் குறையின் விரியும். கடல் நீரில் அதன் தடிப்பு ஒரு நனோமீற்றரிலும் குறைவு. உப்பு மிகக் குறைந்த நன்னீரில் ஏறத்தாழப் பத்து நனோமீற்றர். சுருங்கிய மண்டலமுடைய இரு தகடுகள் அண்மையில் வந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ள இயலும். விரிந்த மண்டலமுடையன ஒன்றையொன்று தள்ளி விலகும். சோதனைக் குழாயில் உப்பிட்ட நீர் தெளிந்ததும், இடாத நீர் கலங்கியே நின்றதும் இதனாலேதான். கல்சியம்போன்ற இருவலு அயன்கள் மண்டலத்தைப் பின்னும் சுருக்குவன. சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்த யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரிற் சேறு விரைவில் அடங்குவதற்கு அந்நீரிற் கரைந்துள்ள கல்சியமும் ஒரு துணை.

மண்பொறியியலின் தந்தை எனப் போற்றப்படும் கார்ல் தெர்சாகி 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது. மண்ணின்மீது ஏறும் பாரத்தில் ஒரு கூற்றைத் துளைகளிலுள்ள நீர் தாங்கும், எஞ்சியதைத் துணிக்கைகள் தாங்கும், அவ்வெஞ்சிய கூறே வலிமையை நிர்ணயிக்கும் என்பது அவர் நிறுவிய தத்துவம். இன்றும் அணைக்கட்டும் அத்திவாரமும் அதன்மேலேயே கணிக்கப்படுகின்றன. ஆயின் அத்தத்துவம் துளைநீரின் அமுக்கம் யாதென்று கேட்குமேயன்றி, அந்நீர் உவரோ நன்னீரோ என்று கேட்பதில்லை. அவ்வினாவை எழுப்பியது நோர்வே நாட்டு நிலம்.

சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாட்டை மூடியிருந்த பனிப்பாளம் உருகியபோது, அஃது அரைத்த நுண்பொடி ஆறுகளாற் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டது. உவர் நீரில் அத்தகடுகள் ஒன்றையொன்று பற்றி, சீட்டுக்களால் எழுப்பிய வீடுபோல, நடுவே மிகுந்த நீரை அடக்கிப் படிந்தன. பின்னர் பனியின் பாரம் நீங்கிய நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தது. ஒஸ்லோ நகரை அடுத்த பகுதியில் அக்காலக் கடல்மட்டத்தின் அடையாளம் இன்று சுமார் 220 மீற்றர் உயரத்திற் காணப்படுகின்றது. இங்ஙனம் கடலடிக் களி வயல்நிலமாயிற்று, ஊர்கள் எழுந்தன. மழை நீரும் நிலத்தடி நன்னீரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அக்களியினூடே ஊர்ந்து, லீற்றருக்கு 35 கிராம் அளவில் இருந்த உப்பை ஓரிரு கிராமாகக் குறைத்துவிட்டன.

உப்பு நீங்கியதும் வீடு சரிந்திருக்க வேண்டுமன்றோ என வாசகர் வினவலாம். சரியவில்லை; அங்கேதான் சூழ்ச்சி உளது. எழுப்பியபடியே சீட்டுவீடு நிற்கின்றது. அதனைப் பிணைத்த பசை மட்டும் போய்விட்டது. ஒரு களிமண் எவ்வளவு நீர் கொண்டால் குழம்பாய் ஓடத் தொடங்குமோ அவ்வளவைத் திரவ எல்லை என்பர். ஒரு களியில் நீர் 35 சதவீதம் உளது எனக் கொள்வோம். உப்பிருந்த காலத்தில் அதன் திரவ எல்லை 40 ஆயின், பிசைந்தாலும் அது களியாகவே இருக்கும். உப்பு நீங்கியபின் எல்லை 25 ஆகத் தாழ்ந்துவிட்டால், அக்களி தான் குழம்பாவதற்கு வேண்டியதினும் மிகுந்த நீரைத் தன்னுள்ளே வைத்துக்கொண்டு அசையாது நிற்கின்றது. ஒரு துளி நீரும் புதிதாகச் சேரவேண்டியதில்லை, குலைத்தாலே போதும். நோர்வே மக்கள் இதனை உயிருள்ள களி என்னும் பொருள்பட 'குவிக்லைரே' என்பர். நாம் இளகுகளி என்போம்.

இவ்வுண்மையை 1946ஆம் ஆண்டில் முன்மொழிந்து, 1953இல் விரிவாக எழுதியவர் புவிச்சரிதவியலாளர் இவான் ரோசன்குவிஸ்ட். இதனை மெய்ப்பிக்கும் சோதனை மிக எளியது. குலையாத இளகுகளித் துண்டொன்றின்மேற் பல கிலோகிராம் எடையை வைக்கலாம், தாங்கும். அதே துண்டைக் கிண்ணத்திலிட்டுக் கரண்டியாற் கிளறினால் கூழ்போல் ஊற்றலாம். அக்கூழில் ஒரு கரண்டி உப்பிட்டுக் கலக்கினால் மீண்டும் இறுகிக் கரண்டியையே நிறுத்திவைக்கும். நீரைக் குறைக்கவுமில்லை, மண்ணைக் கூட்டவுமில்லை.

இத்தகைய நிலத்தில் வாழ்வோர் கொடுத்த விலை பெரிது. 1893ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி, நள்ளிரவு கடந்த வேளையில், வெர்டால் பள்ளத்தாக்கில் ஐந்தரைக் கோடி கன மீற்றர் களி வழிந்தோடி 116 பேரைக் கொண்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்துச் செந்-சான்-வியானே என்னும் ஊரில் 1971ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி 31 பேர் மாண்டனர். அங்குள்ளதும் பனிக்காலக் கடற்களியே. ரிஸ்ஸா என்னுமிடத்தில் 1978ஆம் ஆண்டு ஏப்ரில் 29ஆம் திகதி நிகழ்ந்தது நம் நெஞ்சை விட்டகலாதது. கமக்காரர் ஒருவர் தம் மாட்டுக்கொட்டிலை விரிக்க மண் அகழ்ந்து, சுமார் 700 கன மீற்றர் மண்ணை ஏரிக்கரையிற் கொட்டினார். கரையின் ஒரு சிறு பகுதி ஏரியுட் சரிந்தது. அதன் பின்புறம் ஆதாரமின்றிச் சரிந்தது. அதற்கும் பின்புறம் அவ்வாறே. முடிவில் ஐம்பது இலட்சம் கன மீற்றருக்கு மேற்பட்ட நிலம், எண்பது ஏக்கருக்கு மேல், வீடுகளோடு ஏரியை நோக்கி ஓடிற்று. மாண்டவர் ஒருவரே என்பது வியப்பு. தற்செயலாக அங்கிருந்தோர் இதனைப் படம் பிடித்தனர். மண்பொறியியல் மாணவர் அதனை இன்றும் பார்க்கின்றனர். வீடொன்று சாயாமல், உடையாமல், தெப்பம்போல் மிதந்து செல்லும் காட்சியை ஒருமுறை கண்டவர் 'நிலையான நிலம்' என்ற சொல்லை எளிதில் வழங்கார்.

இவையெல்லாம் அறிவியல் வளராக் காலத்துக் கதைகள் என்று தள்ளிவிடவும் இயலாது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் திகதி அதிகாலையில், கெர்ட்ரும் பகுதியில் ஆஸ்க் என்னும் ஊரில் வீடுகள் சரிந்து பத்துப்பேர் உயிரிழந்தனர். சிற்றோடையொன்று நெடுநாளாகத் தன் கரையை அரித்து வந்ததே காரணம் என விசாரணைக் குழு கண்டது. களியின் இயல்பு நன்கு தெரிந்திருந்தது. ஓடையைத்தான் போதியவாறு எவரும் கவனித்திலர்.

உப்பு வலிமை தரும், உப்பின்மை அழிக்கும் என்று இதனைப் பொது விதியாக்கிக் கொள்ளலாகாது. நோர்வேக் களியில் மிகுந்துள்ளது இல்லைற்று. அது நீரிற் பெரிதும் வீங்காதது. மொன்மொரிலனைற்று மிகுந்த பெந்தொனைற்றுக் களியில் உப்பு நீங்கினால் திரவ எல்லை உயர்கின்றது. களி வீங்கி நீரை மறிக்கின்றது. ஆதலாற்றான் கழிவுக் கிடங்குகளின் அடியில் அதனைப் பரப்புவர். அங்கே உவர்க்கழிவு கசிந்தால் களி சுருங்கி வழிவிடும். இங்கு பகை உப்பே.

சோடியத்தின் குணமோ தனி. 1953ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒல்லாந்து நாட்டின் வயல்களிற் கடல் புகுந்தது. உவர் நீர் நின்ற வரையில் மண் திரண்டே இருந்தது. மழை உப்பைக் கழுவியபோது துளைநீர் நன்னீராயிற்று. களித்தகடுகளைச் சூழ்ந்த சோடியமோ அகலவில்லை. திரள்கள் சிதைந்து மண் சேறாகவும், காய்ந்தபின் கல்லாகவும் மாறும் ஆபத்து அதனால் நேர்ந்தது. ஒல்லாந்தர் சோடியத்தைக் கல்சியத்தால் அகற்ற ஜிப்சம் இட்டனர். நம் கடனீரேரிக் கரைகளில் உவரேறிய வயலை மழை மட்டுமே திருத்திவிடும் என நம்புவோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். சோடியம் மிகுந்த மண்ணால் அணை கட்டினும் இதுவே நிகழும்: நூலிழை போன்ற கசிவு வழியே களி கரைந்து வெளியேறிக் குழாய்போல் துளை விழும். ஜேம்ஸ் ஷெரார்டும் துணைவரும் 1976இல் வகுத்த ஊசித்துளைச் சோதனை, இத்தகைய மண்ணை அணை எழுமுன்னரே இனங்காண உதவுகின்றது.

மருந்தும் இரசாயனத்திலிருந்தே கிடைத்தது. இளகுகளியிற் சுண்ணாம்பும் சீமெந்தும் கலந்து தூண்களாக இறுக்குவது நோர்வேயில் இன்று வழக்கமான முறை. களியைக் குலையாமலே திருத்தும் வழியும் உண்டு: நிலத்திற் கிணறு துளைத்துப் பொற்றாசியங் குளோரைட்டை நிரப்பினால், உப்பு மெல்லப் பரவிச் சூழ்ந்த களியை உரமாக்கும். துரொண்ட்ஹைம் நகரத்து ஆய்வாளர் 2013ஆம் ஆண்டிற் கிணறுகள் அமைத்து இதனைக் கண்டனர். பரவுதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். மழை பல்லாயிரம் ஆண்டிற் கவர்ந்ததைத் திருப்பிக் கொடுக்கச் சில ஆண்டு மிகையன்று.

ஆய்வுகூடத்திற் பணிபுரியப் போகும் மாணவர்க்கு ஒன்று. கடலோரக் களியைக் குழாய் நீரிற் கரைத்துத் திரவ எல்லை கண்டு, அவ்வெண்ணை நிலத்தின் எண்ணாக எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இளமையில் நாமும் அங்ஙனமே எழுதிக் கையொப்பமிட்டோம். அது வேறொரு மண்ணின் எண். களியைப் பிழிந்து துளைநீரை எடுத்து அதன் உப்பளவைக் காண அரைநாள் போதும். நோர்வேயிலோ நிலத்தினுள் ஊசிக்கோலொன்றைச் செலுத்தி மின்தடையை அளக்கின்றனர். உப்புள்ள கடற்களியின் தடைத்திறன் ஓம்-மீற்றர் கணக்கில் ஒன்று முதல் பத்து வரை. உப்பிழந்ததினது பத்து முதல் நூறு வரை. மின்னோட்டம் தயங்கும் ஆழத்தைப் படத்திற் குறித்துக்கொண்டு, அவ்விடத்தில் மீண்டும் துளையிட்டு மாதிரி எடுத்த பின்னரே அகழ்வேலையைத் தொடங்குகின்றனர்.